ஜப்பானில் வாழப் போகிறவர்கள் எங்கே, எதை, எப்போது பதிய வேண்டும்

ஜப்பானில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவர் ஒவ்வொருவரும், அங்கே இருக்கும் காலம் முழுவதும் இரண்டு அலுவலகங்களுக்குத் தம்மைப் பற்றிய விவரங்களைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவர். ஒன்று, குடியிருக்கும் ஊரின் நகராட்சி அல்லது வார்டு அலுவலகம். மற்றொன்று, ஜப்பானியர் சுருக்கமாக ‘ந்யூகான்’ என்று அழைக்கும் குடிவரவு அலுவலகம். முகவரி தொடர்பான எல்லாம் முதல் அலுவலகத்துக்கும், விசா நிலை, வேலை, பாஸ்போர்ட் விவரங்கள் தொடர்பான எல்லாம் இரண்டாம் அலுவலகத்துக்கும் போக வேண்டும். நம்மவர்களுக்கு நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதாலும், ‘கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவதாலும் வருகின்றன. விசா வாங்கிக் கொடுப்பதோடு நிறுவனத்தின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகான அறிவிப்புக் கடமைகளைச் சட்டம் உங்கள் தலையில்தான் வைத்திருக்கிறது.

இன்றைய முறை 2012 ஜூலை 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருந்தது. நீண்ட காலம் அதில் கைரேகையும் எடுத்தார்கள், கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2000-ஆம் ஆண்டில்தான் அது முற்றாகக் கைவிடப்பட்டது. 2012-இல் அந்தப் பதிவேட்டை நீக்கிவிட்டு, ஜப்பானியக் குடிமக்களுக்கான குடியிருப்பாளர் பதிவேட்டிலேயே வெளிநாட்டவரையும் சேர்த்தார்கள். ஜப்பானியரை மணந்த ஒருவர் தம் துணையோடும் பிள்ளைகளோடும் ஒரே குடும்பத் தாளில் பெயர் பெற முடிந்தது அதன் பிறகே. 2024 இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் 37 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கீழே சொல்லப்படும் விதிகளில் பெரும்பாலானவை அவர்கள் அனைவருக்கும் பொதுவானவை.

விமான நிலையத்தில்

நரிட்டா, ஹனேடா, கன்சாய், சூபு போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால், குடிவரவுச் சோதனையிலேயே ‘ஸைர்யூ கார்டு’ எனப்படும் வசிப்பிட அட்டையை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். சிறிய விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு, அட்டை பின்னர் வழங்கப்படும் என்ற குறிப்பு பாஸ்போர்ட்டில் இடப்படும். முகவரியைப் பதிந்த பிறகு அட்டை அஞ்சலில் வரும். சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கும், தங்கும் காலம் மூன்று மாதமோ அதற்குக் குறைவோ உள்ளவர்களுக்கும் இந்த அட்டை கிடையாது.

கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் அட்டையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, நாடு, வசிப்பு நிலை (எந்த வகையில் தங்க அனுமதி பெற்றிருக்கிறீர்கள் என்பது), வேலை செய்ய அனுமதி உண்டா இல்லையா, அனுமதி முடியும் நாள் ஆகியவை முன்பக்கத்தில் இருக்கும். முகவரிக்கான இடத்தில், இன்னும் முடிவாகவில்லை, அறிவித்த பின் மறுபக்கத்தில் எழுதப்படும் என்ற பொருளில் ஜப்பானிய எழுத்துகள் அச்சாகியிருக்கும். அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். மாணவராக வருபவர்கள் பகுதிநேர வேலைக்கான அனுமதியை அங்கேயே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். கிடைத்தால் அட்டையின் பின்பக்கத்தின் அடியில் அது குறிக்கப்படும். வாரத்துக்கு 28 மணி நேரம் என்பது அதன் உச்சவரம்பு. கல்வி நிறுவனத்தின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இரண்டு கடைகளில் வேலை பார்த்தால் இரண்டையும் சேர்த்துத்தான் 28 என்பதைப் பல மாணவர்கள் கவனிப்பதில்லை.

16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் இந்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது இதற்கு ஈடாகாது. அட்டையில்லாமல் வெளியே சென்று பிடிபட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. காவலர் கேட்டும் காட்ட மறுப்பது அதைவிடக் கடுமையான குற்றம், சிறைத் தண்டனைக்கும் உரியது. பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போகும்போதும் பணப்பையில் அது இருக்கட்டும்.

வார்டு அலுவலகத்தில்

வீட்டில் குடிபுகுந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அந்த ஊரின் அலுவலகத்துக்கு நேரில் சென்று முகவரியைப் பதிய வேண்டும். டோக்கியோவின் 23 வார்டுகளில் அந்த அலுவலகத்துக்கு ‘குயாக்குஷோ’ என்றும், மற்ற நகரங்களில் ‘ஷியாக்குஷோ’ என்றும் பெயர். 14 நாள் கணக்கு விமானம் இறங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. நிலையான இருப்பிடம் அமைந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போட முடியாது. தக்க காரணமின்றி, நாட்டுக்குள் வந்து 90 நாட்களுக்குள் முகவரியை அறிவிக்காவிட்டால் வசிப்பு நிலையையே ரத்து செய்யலாம் என்று குடிவரவுச் சட்டம் சொல்கிறது. பொய்யான முகவரி கொடுத்தாலும் அதே விளைவுதான். நண்பரின் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு வேறிடத்தில் வசிப்பது நம்மூரில் சாதாரணமாகத் தோன்றலாம். ஜப்பானில் அது தண்டனைக்குரியது.

எடுத்துச் செல்ல வேண்டியவை வசிப்பிட அட்டையும் பாஸ்போர்ட்டும். வீட்டு முகவரியைக் கட்டடப் பெயர், அறை எண் உட்பட ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் வைத்துக்கொண்டால் படிவத்தை நிரப்புவது எளிதாகும். வாடகை ஒப்பந்தத்தின் நகலே இதற்குப் போதும். குடும்பமாகச் செல்பவர்கள் ஒவ்வொருவரின் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுசெல்ல வேண்டும். படிவத்தில் குடும்பத் தலைவர் யார், மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்கப்படும்.

தமிழர்கள் தடுமாறும் இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ குடும்பப் பெயருக்கான இடத்தில் போட்டிருப்பார்கள், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். கணவரின் அட்டையில் ஒரு பெயர், மனைவியின் அட்டையில் அவருடைய தந்தையின் பெயர், குழந்தையின் அட்டையில் கணவரின் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும்போது, ஒரே குடும்பத்துக்கு ஒரே குடும்பப் பெயர் என்ற பழக்கத்தில் வளர்ந்த அலுவலருக்கு இவர்கள் ஒரு வீட்டார் என்பது பெயரைக் கொண்டு விளங்காது. ஆகவே உறவை நிரூபிக்கும் மூலச் சான்றுகள், அதாவது திருமணப் பதிவுச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், ஊரிலிருந்து கிளம்பும்போதே கைப்பெட்டியில் இருக்க வேண்டும். அவற்றோடு ஜப்பானிய மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவரின் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோயிலில் திருமணம் செய்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் விட்டவர்கள், ஜப்பான் பயணம் உறுதியான உடனேயே அதை முடித்துக்கொள்வது நல்லது. மனைவிக்கு விசா வாங்குவதற்கும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை.

பெயரைக் கட்டகானாவில், அதாவது ஜப்பானியர் வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படுத்தும் எழுத்தில், எழுதும் முறையையும் இந்த முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ‘செந்தில்’ என்ற பெயரை ஒருவர் ‘சென்டிரு’ என்றும், இன்னொருவர் ‘செஞ்சிரு’ என்றும் கட்டகானாவில் எழுதக்கூடும். ஜப்பானில் வங்கிக் கணக்கும், சம்பளப் பட்டியலும், காப்பீடும், ஓய்வூதியப் பதிவும் கட்டகானாப் பெயரைக் கொண்டே ஒருவரை அடையாளம் காண்கின்றன. வார்டு அலுவலகத்தில் ஒரு விதமாகவும் வங்கியில் வேறு விதமாகவும் எழுதிக் கொடுத்தால், பணம் வந்து சேராமல் திரும்பிப் போகும்; அதைத் திருத்த ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். பெயரையும் தந்தை பெயரையும் எந்த வரிசையில், எத்தனை இடைவெளி விட்டு எழுதுவது என்பதுகூட முக்கியம். ஒரு சீட்டில் எழுதி, படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, எங்கு சென்றாலும் அதையே பார்த்து எழுதுங்கள்.

பதிவு முடிந்ததும் அட்டையின் பின்பக்கத்தில் முகவரியையும் தேதியையும் பதிந்து திருப்பித் தருவார்கள். வங்கிக் கணக்கு தொடங்கவும் கைப்பேசி இணைப்பு வாங்கவும் அந்த வரி தேவைப்படும். அப்போதே ‘ஜூமின்ஹ்யோ’ எனப்படும் குடியிருப்புச் சான்றின் நகலையும் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளலாம். அலுவலகத்திலும் பள்ளியிலும் கேட்பார்கள். இந்த முகவரி விவரம் வார்டு அலுவலகத்திலிருந்து ந்யூகானுக்குத் தானாகவே சென்றுவிடும் என்பதால், அதற்காகத் தனியாக அங்கே போக வேண்டியதில்லை. இந்தியர்கள் செறிந்து வாழும் நிஷிகசாய் பகுதி எடோகாவா வார்டைச் சேர்ந்தது. அங்கே குடியேறுகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுத் தமிழர் யாராவது துணைக்கு வருவார்கள். மற்ற ஊர்களுக்குச் செல்பவர்கள் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மை நம்பர், காப்பீடு, ஓய்வூதியம்

முகவரி பதிவானதும், ‘மை நம்பர்’ என்ற 12 இலக்க எண் அந்த முகவரிக்கு அஞ்சலில் வந்து சேரும். வரிக்கும் சமூகக் காப்பீட்டுக்கும் இந்த எண் கட்டாயம் தேவை. நிறுவனமும் வங்கியும் கேட்கும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகக்கூடும் என்பதால், குடிபுகுந்த அன்றே பெட்டியில் பெயரை ஒட்டிவிடுங்கள்.

எண் வருவது வேறு, படத்துடன் கூடிய மை நம்பர் கார்டு வாங்குவது வேறு. கார்டு வாங்குவது கட்டாயமில்லை. ஆயினும் 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டைகளைப் புதிதாக வழங்குவதை நிறுத்திவிட்டு, மை நம்பர் கார்டையே மருத்துவமனையில் காட்டும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். கார்டு இல்லாதவர்களுக்கு உறுதிப்படுத்தும் தாள் ஒன்று தருகிறார்கள். நீண்ட காலம் தங்க எண்ணுகிறவர்கள் கார்டை வாங்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வெளிநாட்டவரின் கார்டு பொதுவாக அவருடைய வசிப்பு அனுமதி முடியும் நாளிலேயே காலாவதியாகும். விசாவை நீட்டித்துப் புதிய அட்டை வாங்கினாலும் மை நம்பர் கார்டு தானாக நீளாது. காலாவதி நாளுக்கு முன் வார்டு அலுவலகத்துக்குச் சென்று அதையும் நீட்டிக்க வேண்டும். விசா முடிவு வருவதற்குத் தாமதமானால், விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைக் காட்டி இரண்டு மாதங்களுக்கு நீட்டித்து வாங்கலாம்.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் சேராத மாணவர்களும் சுயதொழில் செய்பவர்களும், முகவரி பதியும் அன்றே, அதே கட்டடத்தில், தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். சேர்ந்தவர்கள் பொதுவாக மருத்துவச் செலவில் 30 விழுக்காட்டை மட்டும் கட்டினால் போதும். 20 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு ஓய்வூதியத் திட்டமும் கட்டாயம். மாணவர்கள் கட்டணத்தைத் தள்ளிவைக்கக் கோரி விண்ணப்பிக்கலாம், ஆனால் விண்ணப்பிக்காமல் கட்டாமலிருப்பது நிலுவையாகவே கணக்கில் ஏறும். இந்தியாவிலுள்ள நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு மிகாமல் அனுப்பிவைக்கும் ஊழியர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள இந்திய–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, இந்திய வருங்கால வைப்புநிதி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கி வந்தால் ஜப்பானிய ஓய்வூதியத்துக்கும் சேர்த்து இரட்டைப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஜப்பானிய நிறுவனத்தில் நேரடியாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது.

வீடு மாறும்போது, வேலை மாறும்போது

ஒரே வார்டுக்குள் வீடு மாறினால், குடிபுகுந்த 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தால் போதும். வேறு ஊருக்கோ வேறு வார்டுக்கோ மாறினால் இரண்டு படிகள் உண்டு. முதலில் பழைய ஊரின் அலுவலகத்தில் ‘டென்ஷுட்சு’ எனப்படும் வெளியேறல் அறிவிப்பைக் கொடுத்து, அவர்கள் தரும் சான்றை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு புதிய ஊரில் 14 நாட்களுக்குள் ‘டென்ன்யூ’ எனப்படும் வருகை அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். முதல் படியைச் செய்யாமல் நேரே புதிய ஊருக்குப் போனால் பதிவு அங்கே நின்றுவிடும். மை நம்பர் கார்டு வைத்திருப்பவர்கள் முதல் படியை இணையத்திலேயே முடிக்கலாம். இரண்டாம் படிக்கு நேரில் போகத்தான் வேண்டும்.

வேலை மாற்றம் வார்டு அலுவலகத்தைச் சேர்ந்ததன்று. பொறியாளர் போன்ற பணி நிலையில் இருப்பவர்களும் மாணவர்களும், நிறுவனத்தையோ கல்லூரியையோ விட்டு விலகிய 14 நாட்களுக்குள்ளும், புதிய இடத்தில் சேர்ந்த 14 நாட்களுக்குள்ளும் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். விலகல் ஒன்று, சேர்க்கை ஒன்று என இவை இரண்டு நிகழ்வுகள். நிறுவனத்தின் பெயரோ முகவரியோ மாறினாலும், அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்தாலும் இந்தக் கடமை வரும் என்பது பலருக்குத் தெரியாது. துறையின் இணையதளம் வழியாகவோ, அட்டையின் நகலுடன் அஞ்சல் வழியாகவோ, நேரிலோ இதைச் செய்யலாம், கட்டணம் கிடையாது. குடும்ப விசாவில் இருப்பவர்கள் மணமுறிவு பெற்றாலோ துணையை இழந்தாலோ அதையும் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வேலையை இழந்து, தக்க காரணமின்றி மூன்று மாதங்களுக்கு மேல் அந்த நிலைக்குரிய பணியில் ஈடுபடாமல் இருந்தால் வசிப்பு நிலை ரத்தாகக்கூடும் என்பதால், விலகல் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, வேலை தேடுவதற்கான சான்றுகளையும், நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்புகளையும் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இந்த அறிவிப்பைத் தவறவிட்டதற்காக உடனே யாரும் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. அதனால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் விசா நீட்டிப்பின்போது இது தெரியவரும்; நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியவரும். வரியும், ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணங்களும், குடிவரவுச் சட்டத்தின்படியான அறிவிப்புகளும் முறையாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று நிரந்தர வசிப்புரிமைக்கான வழிகாட்டு நெறிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தாமதமாகிவிட்டால், மறைக்காமல் இன்றே அறிவித்துவிடுவதுதான் சரி.

அட்டை தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான சான்றையோ எண்ணையோ வாங்கிக்கொண்டு, தொலைந்தது தெரிந்த 14 நாட்களுக்குள் ந்யூகானில் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறினாலும் அதே கெடு.

குழந்தை பிறந்தால்

ஜப்பானில் பிறந்ததால் மட்டும் குழந்தைக்கு ஜப்பானியக் குடியுரிமை கிடைக்காது. பெற்றோர் இருவரும் இந்தியர்கள் என்றால் மூன்று அலுவலகங்களில் மூன்று கெடுக்கள் ஓடத் தொடங்குகின்றன. 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். 30 நாட்களுக்குள் ந்யூகானில் குழந்தைக்கான வசிப்பு நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பிறப்பைப் பதிந்து குடியுரிமையை உறுதி செய்ய வேண்டும். 30 நாட்களுக்குள் குழந்தையின் பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டாலும், காரணத்தை எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். அதற்காகக் காத்திருந்து கெடுவை விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் தாய் களைப்பில் இருக்கும் நாட்கள் இவை என்பதால், தந்தை முன்கூட்டியே படிவங்களை நிரப்பி வைப்பதும், வார்டு அலுவலகத்தில் பிறப்புப் பதிவுக்கான சான்று நகல்களைக் கூடுதலாக வாங்கி வைப்பதும் பேருதவியாக இருக்கும்.

நீட்டிப்பும் ஊர்ப் பயணமும்

வசிப்பு அனுமதியின் காலம் முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கெடுவுக்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரத் தாமதமானாலும் முடிவு வரும் வரை, அதிகபட்சம் காலாவதி நாளிலிருந்து இரண்டு மாதங்கள் வரை, சட்டப்படி தங்கலாம். நேரில் விண்ணப்பித்தவர்களின் அட்டையின் பின்பக்கத்தில் அதற்கான முத்திரை இடப்படும். 2025 ஏப்ரல் 1 முதல் நீட்டிப்புக் கட்டணம் நேரில் 6,000 யென், இணையவழியில் 5,500 யென் என்று உயர்த்தப்பட்டது. இது மேலும் மாறக்கூடியது என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குக் கிளம்பும்போது, விமான நிலையத்தில் நிரப்பும் சிறு அட்டையில் மறுநுழைவுக்கான கட்டத்தில் குறியிட மறக்கக் கூடாது. ஓராண்டுக்குள் திரும்பி வருவதற்கு அந்தக் குறியே அனுமதி. குறியிடாமல் வெளியேறினால் வசிப்பு நிலை அன்றோடு முடிந்ததாகக் கொள்ளப்படும். உங்கள் வசிப்பு அனுமதி ஓராண்டுக்கு முன்பே முடிவதாக இருந்தால், அந்த நாளுக்குள் திரும்பிவிட வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்க வேண்டியவர்கள் புறப்படுவதற்கு முன் ந்யூகானில் தனி அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்துகொண்டு அந்த ஓராண்டை நீட்டிக்க வழியில்லை.

நிரந்தரமாகத் திரும்பும்போது

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் வார்டு அலுவலகத்தில் வெளிநாடு செல்வதாக வெளியேறல் அறிவிப்பு கொடுத்து, மை நம்பர் கார்டையும் அங்கே காட்ட வேண்டும். பின்னாளில் மீண்டும் ஜப்பான் சென்றாலும் அதே 12 இலக்க எண்தான் என்பதால், எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வசிப்பிட அட்டையை விமான நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். துளையிட்டுத் திருப்பித் தருவார்கள்.

உள்ளூர் குடியிருப்பு வரி, ஜனவரி 1 அன்று எந்த ஊரில் முகவரி இருந்ததோ அந்த ஊருக்கு, முந்தைய ஆண்டின் வருமானத்தைக் கணக்கிட்டு விதிக்கப்படுகிறது. ஜனவரி முதல் வாரத்தில் திரும்பியவருக்கும் அந்த ஆண்டின் ஜூன் மாதத்தில் முழு வரியும் வரும். டிசம்பரிலேயே கிளம்ப முடிந்தவர்கள் தேதியை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். முடியாதவர்கள் ஜப்பானில் வசிக்கும் ஒருவரை வரிப் பொறுப்பாளராக நியமித்துவிட்டு வர வேண்டும். அவரே இன்னொன்றுக்கும் உதவுவார். ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஓய்வூதியம் கட்டியவர்கள், முகவரியை நீக்கி நாட்டை விட்டு வெளியேறிய பின் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம்; 2021 ஏப்ரலுக்குப் பிறகும் கட்டியவர்களுக்கு அதிகபட்சம் 60 மாதங்கள் வரை கணக்கில் எடுப்பார்கள். ஊழியர் ஓய்வூதியத் தொகையில் 20.42 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். அதைத் திரும்பக் கோரி விண்ணப்பிக்க வேண்டியவர் அந்த வரிப் பொறுப்பாளரே. இத்தொகையை வாங்கிவிட்டால், ஜப்பானில் கட்டிய காலம், இந்தியாவில் கட்டிய காலத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் ஓய்வூதியத் தகுதியிலிருந்து நீங்கிவிடும் என்பதால், பல ஆண்டுகள் கட்டியவர்கள் படிவத்தை அனுப்புவதற்கு முன் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.